தமிழ்ப் படத்துக்கு வியட்நாமிய சப்டைட்டில்: உதவி தேவை

ஹோ சி மின் நகரில் வசிக்கிறேன். மனைவி இந்த ஊர்க்காரர். 12 வயது மகளுக்குத் தமிழ் பேச வரும். படத்தில் வேகமாகப் பேசினால் பிடிபடாது. தாயும் மகளும் சேர்ந்தால் பேய்ப்படம்தான். எனக்கோ பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படங்கள். அவற்றில் ஒன்றையாவது மூவரும் சேர்ந்து பார்க்க ஆசை.

ஆங்கில சப்டைட்டிலை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். வியட்நாமிய மொழியில் 'நான்', 'நீ' என்பதற்குப் பெரும்பாலும் உறவுமுறைச் சொற்களே வரும். இங்கே பிள்ளையிடம் பேசும் தந்தை தன்னை 'பா' என்பார், பிள்ளையை 'கொன்' என்பார். ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ' வழியாக வந்ததில், படத்தின் அப்பாவும் மகளும் காதலர்களைப் போல 'அன்', 'எம்' என்று பேசிக்கொண்டார்கள். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது அழுகைக் காட்சி.

போதாக்குறைக்கு, பென் டிரைவில் போட்டால் டிவி தொனிக்குறிகளை (உச்சரிப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறிகளை) விழுங்கிவிடுகிறது. 'மா' என்ற சொல்லுக்கு மேல் குறி இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் பேய். மாமியார் கண்ணில் படவில்லை, நல்லவேளை. சப்டைட்டில் கோப்பை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொருந்தும் யுடிஎஃப்-8 குறியீட்டு முறையில்தான் சேமித்தேன்.

தமிழிலிருந்து நேரடியாக வியட்நாமியத்துக்கு மொழிபெயர்ப்பவர் யாரையாவது தெரியுமா? குறிகள் மறையாமலிருக்க வேறென்ன செய்யலாம்? உரிய கட்டணம் தருகிறேன். பிழை திருத்த மனைவி தயார்.