டாஸ்க்பார் கடிகாரம் தப்பு காட்டினால் பார்மட் போடத்தான் வேண்டுமா?

மாடிவீடு:
வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10. அதில் இரண்டு தொந்தரவு. காலையில் ஆன் செய்தால் டாஸ்க்பார் ஓரத்தில் தேதி 2013 ஜனவரி 1 என்று நிற்கிறது. கையால் திருத்தும் வரை பேங்க் தளம் திறக்காது, குரோம் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது' என்கிறது. திருத்திவிட்டால் இரவு வரை ஒழுங்காக ஓடும்.

இரண்டாவது, சில சமயம் கடிகாரம் அப்படியே நின்றுவிடும். டாஸ்க்பாரில் 10:50, கைக்கடிகாரத்தில் பதினொன்றேகால். அந்த நேரத்தில் டாஸ்க்பாரில் எதைக் கிளிக் செய்தாலும் அசையாது.

பக்கத்துக் கடையில் கேட்டால் "வைரஸ் சார், பார்மட் போட்டுடலாம்" என்கிறார்கள். டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவார்களாம். பேத்தி பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. போட்டுத்தான் ஆகவேண்டுமா?

ஸ்க்ரூடிரைவர்:
வேண்டவே வேண்டாம் சார். ஒரு கேள்வி மட்டும். இரவில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்த பிறகு சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைப்பீர்களா?

மாடிவீடு:
ஆமாம். இடி மின்னல் பயம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது பழக்கம்.

ஸ்க்ரூடிரைவர்:
அப்படியானால் முதல் தொந்தரவுக்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல். சிஆர்2032 என்று கேட்டால் எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது நேரத்தைக் கணக்கு வைப்பது விண்டோஸ் இல்லை, போர்டில் உள்ள ஒரு சின்ன கடிகாரச் சுற்று. நொடிக்கு 32,768 முறை அதிரும் கிறிஸ்டலை வைத்து அது எண்ணிக்கொண்டே இருக்கும். சுவர் சுவிட்ச் ஆனில் இருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பவர் சப்ளை ஒரு சிறு மின்சாரத்தைப் போர்டுக்குத் தரும், கடிகாரம் அதில் ஓடும். சுவிட்சை அணைத்தால் அந்த 3 வோல்ட் செல்தான் கதி. அது தீர்ந்துபோனால் காலையில் கடிகாரம் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் எழும், போர்டிலேயே இருக்கும் நிரல்) தயாரான காலத்துத் தேதிக்குப் போய்விடும். சுவிட்சை அணைக்காத வீடுகளில் இதே செல் செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது.

சோதிப்பது சுலபம். காலையில் ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். விண்டோஸ் இன்னும் எழவே இல்லை. அங்கேயே 2013 என்றால் வைரஸுக்கு இதில் என்ன வேலை?

கடைவாசல்:
சர்வீஸ் கடை வைத்திருப்பவன் பேசுகிறேன். பார்மட் என்றதும் எல்லோரும் கடைக்காரனைத் திருடன் மாதிரி பார்க்கிறீர்கள். சார் சொன்னது இரண்டு தொந்தரவு. உள்ளே நாலு இருக்கும். எது எதனால் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க அரை நாள் ஆகும், அந்த அரை நாளுக்கு யாரும் காசு தருவதில்லை. பார்மட் போட்டால் மாலைக்குள் மெஷின் பளிச்சென்று கைக்கு வந்துவிடும். பேட்டரியையும் நாங்கள் மாற்றித்தான் கொடுப்போம்.

ஸ்க்ரூடிரைவர்:
அண்ணா, பேட்டரியையும் மாற்றினால் தேதியைச் சரிசெய்தது எது? பேட்டரி. பில் எதற்கு? பார்மட்டுக்கு. இதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, தேதி தப்பாக இருக்கும்போது பார்மட் போட்டால் அப்டேட்டே இறங்காது. 0x80072எஃப்8எஃப் என்று ஒரு பிழை வரும், கடையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். பாதுகாப்புச் சான்றிதழின் தேதியும் கணினியின் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் வருவது அது. பேங்க் தளம் திறக்காததற்கும் அதே காரணம்தான். எப்படிப் பார்த்தாலும் முதல் வேலை பேட்டரி.

வலைப்பூச்சி:
கேபினெட்டைத் திறக்கவே தேவையில்லை என்பது என் கட்சி. செட்டிங்ஸில் 'நேரம், மொழி' பகுதிக்குப் போய்த் தானாக நேரம் அமைப்பதை ஆன் செய்யுங்கள். இன்டர்நெட் வந்ததும் டைம் சர்வரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இந்தக் காலத்தில் செல்லை மாற்ற ஸ்க்ரூடிரைவர் தூக்குவது வீண் வேலை. (பெயரைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம்.)

ஸ்க்ரூடிரைவர்:
கோபம் இல்லை. ஆனால் அது இங்கே நடக்காது. விண்டோஸின் நேரச் சேவைக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். தனி வீட்டுக் கணினியில் அது 54,000 வினாடி, அதாவது 15 மணி நேரம். வித்தியாசம் அதற்குள் இருந்தால் திருத்தும். சார் கணினி பத்து வருஷத்துக்கு மேல் பின்னால் கிடக்கிறது.

வலைப்பூச்சி:
அந்த எல்லையை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) எடுத்துவிடலாம், எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் திருத்து என்று சொல்லிவிடலாம். தவிர, விண்டோஸ் 10இல் செக்யூர் டைம் சீடிங் என்று ஒன்று இருக்கிறது. கணினி பேசும் பாதுகாப்பான தளங்களின் தொடர்பிலிருந்தே தோராயமான தேதியை ஊகித்துக்கொள்ளும். எல்லை தாண்டின தப்பையும் அது இழுத்துக் கொண்டுவரும்.

ஸ்க்ரூடிரைவர்:
ஊகித்துக்கொள்ளும் என்று நீங்களே சொல்கிறீர்கள். 2023இல் அதே வசதியால் சர்வர்களின் தேதி வாரக்கணக்கில் தாவிவிட்டது என்று நிர்வாகிகள் புலம்பினார்களே. அதுவும் போகட்டும். செல் தீர்ந்தால் போவது தேதி மட்டும் இல்லை. பழைய போர்டுகளில் பயாஸ் அமைப்புகளும் போகும். ஹார்ட் டிஸ்க்கை எந்த முறையில் படிப்பது என்ற அமைப்பு மாறிவிட்டால் விண்டோஸே எழாது, நீலத்திரை வரும். அப்போதும் கடைக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

கடைவாசல்:
தம்பி, போகிற போக்கில் ஒரு குத்து. சரி, இருக்கட்டும்.

வெள்ளவத்தை:
இடையில் ஒரு குறிப்பு. நேரம் தப்பு என்றாலே பேட்டரி என்று எல்லோரும் செல் வாங்க ஓட வேண்டாம். எவ்வளவு தப்பு என்று பாருங்கள், நோய் அதிலேயே தெரியும். என் மகன் தன் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸையும் விண்டோஸையும் சேர்த்து வைத்திருக்கிறான். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறினால் மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகும். போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது, உபுண்டு அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற மதிப்பை 1 என்று வைத்ததும் இரண்டுக்கும் சண்டை தீர்ந்தது. புது செல் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

அரை மணி நேரத் தப்பும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 1996இல் இலங்கை தன் நேரத்தை உலகப் பொது நேரத்தைவிட 6:30 முன்னால் நகர்த்தி, அதே வருஷம் 6:00க்கு இறக்கி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி 5:30க்கு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் இலங்கைக்கான ஸ்ரீ ஜயவர்தனபுர வலயம் 6:00 என்றே இருந்தது. திருத்தம் வந்து சேரும்வரை சென்னை, கொல்கத்தா என்று போட்டிருக்கும் வலயத்தைத் தேர்ந்து சமாளித்தோம்.

மாடிவீடு:
பயாஸில் பார்த்தேன். அங்கேயே 2013 ஜனவரி 1. புது செல் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் பழையதை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தார், 2 வோல்ட்கூட வரவில்லை. இன்று காலை தேதி சரியாக இருந்தது, பேங்க் தளமும் திறந்தது.

ஆனால் கடிகாரம் நிற்பது நிற்கவில்லை. மதியமும் நின்றது.

ஸ்க்ரூடிரைவர்:
நல்லது சார். பழைய செல்லின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டிப் பேத்திக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், விளையாட்டு இல்லை.

நிற்பது வேறு கதை. போர்டில் நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, திரையில் எழுதுகிறவன்தான் தூங்குகிறான். டாஸ்க்பாரை வரைவது எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல். அது உறைந்தால் கடிகாரம், ஸ்டார்ட் மெனு எல்லாம் சேர்ந்து உறையும். அடுத்த தடவை கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் மேல் வலது கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு கணம் மறைந்து திரும்ப வரும்போது நேரம் சரியாக இருந்தால் உறைந்தது எக்ஸ்ப்ளோரர்தான், சந்தேகமே வேண்டாம்.

வலைப்பூச்சி:
கடிகாரத்தில் வினாடி தெரிந்தால் எப்போது நிற்கிறது என்பதை உடனே பிடித்துவிடலாம். விண்டோஸ் 11இல் 2023இல்தான் அதற்கு அமைப்பு கொடுத்தார்கள், 10இல் ரெஜிஸ்ட்ரி வழி. அது தொல்லை என்றால் கடிகாரத்தைக் கிளிக் செய்யுங்கள். மேலே விரியும் பெட்டியில் வினாடி ஓடும். பெட்டியே விரியாவிட்டால் எக்ஸ்ப்ளோரர் உறைந்திருக்கிறது.

இதில் ஒரு பழைய கதை உண்டு. விண்டோஸ் 95இன் சோதனைப் பதிப்பில் டாஸ்க்பார் கடிகாரம் வினாடி காட்டியதாம். வெளியீட்டுக்கு முன் எடுத்துவிட்டார்கள். 4 எம்பி நினைவகத்தில் ஓட வேண்டிய காலம், ஒவ்வொரு வினாடியும் அதைப் புதுப்பிக்கத் தேவையான நினைவகமே பாரமாக இருந்தது என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார்.

கடைவாசல்:
கதை நன்றாக இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரைத் தினமும் ரீஸ்டார்ட் செய்துகொண்டே சார் காலத்தை ஓட்டுவதா? ஏன் உறைகிறது என்று யாராவது சொல்லுங்கள். எங்கள் அனுபவத்தில் இது பெரும்பாலும் சிஸ்டம் ட்ரேயில் (கடிகாரத்துக்குப் பக்கத்து ஐகான் வரிசை) உட்கார்ந்திருக்கும் பிரிண்டர் மென்பொருள், ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ், இவைதான். பார்மட் போட்டால் எல்லாம் ஒரே வாரலில் போய்விடும். அதனால்தான் போடுகிறோம்.

ஸ்க்ரூடிரைவர்:
கணினி எழும்போதே தானாக ஓடும் நிரல்களின் ஸ்டார்ட்அப் பட்டியலில் அவற்றை நிறுத்தினாலே போதுமே. டாஸ்க் மேனேஜரில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. பாதியை நிறுத்தி ஒரு நாள் ஓட்டுங்கள், அப்போதும் கடிகாரம் நின்றால் மீதியில் தேடுங்கள். படங்களை அழித்துவிட்டு அதே பிரிண்டர் மென்பொருளைத் திரும்ப ஏற்றினால் அடுத்த மாதம் அதே கடிகாரம் அதே இடத்தில் நிற்கும்.

மாடிவீடு:
எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்தால் நேரம் சரியாகிவிடுகிறது. ஆனால் நிற்கும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று சிவப்பாக இருக்கிறது. உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க். கொஞ்சம் டிக் டிக் என்ற சத்தமும் கேட்கிறது.

கடைவாசல்:
சார், அந்தச் சத்தம் கேட்டால் இங்கே யார் சொல்வதையும் கேட்காதீர்கள், என்னையும் சேர்த்து. ஸ்டார்ட்அப் சோதனை, விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன், பார்மட் எதுவும் இப்போது வேண்டாம். முதலில் படங்களை வெளியே எடுங்கள். சாகிற டிஸ்க்கை ஒவ்வொரு தடவை உருட்டும்போதும் மிச்ச ஆயுள் குறையும். கடிகாரத்தைப் பிறகு பார்ப்போம்.

ஸ்க்ரூடிரைவர்:
இதில் அண்ணன் சொல்வதுதான் சரி. நகல் எடுத்த பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலைப் போட்டு டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) வாங்கி, பழையதில் இருப்பதை முழுசாக அப்படியே குளோன் செய்துவிடலாம்.

கடைவாசல்:
குளோன் எதற்கு? நோவுள்ள டிஸ்க்கிலிருந்து குளோன் செய்தால் கெட்டுப்போன கோப்பும் சேர்ந்துதான் வரும். புது எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் ஏற்றுங்கள். 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. அந்தக் காலத்து போர்டு 11க்குத் தகுதி பெறாது. வலைப்பூச்சி தம்பி லினக்ஸ் என்று ஆரம்பிப்பார், அப்புறம் ஐந்தரை மணி நேரம் பிசகும்.

வலைப்பூச்சி:
லினக்ஸ் மட்டும் தனியாக இருந்தால் பிசகாது. வெள்ளவத்தை சொன்னதைச் சரியாகப் படியுங்கள்.

மாடிவீடு:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். படங்கள் மொத்தம் 48 ஜிபி காட்டுகிறது. கையில் 64 ஜிபி பென்டிரைவ் இருக்கிறது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இழுத்துப் போடலாமா, இல்லை வருஷம் வருஷமாகப் பிரித்து எடுப்பது நல்லதா?

கடைவாசல்:
பிரித்து எடுங்கள் சார். பேத்தி பிறந்த வருஷத்து ஃபோல்டரை முதலில் எடுத்துவிடுங்கள். ஏதாவது ஒரு கோப்பில் முட்டி நின்றால் அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போங்கள், திரும்பத் திரும்ப முயற்சி செய்ய வேண்டாம்.