தீன் அத்தித் தடிகள் அழுகுகின்றன, யாராவது வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் களுவாஞ்சிகுடிப் பக்கம், வீட்டு வளவு முழுக்க மணல்தான். இரண்டு வருசமாகச் சாடியில் ஒரு அத்தி நிற்கிறது, ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் நம்மூர் அத்தி இல்லை, நோன்பு காலத்தில் காய வைத்து விற்கிறார்களே, அந்தத் தீன் பழம். போன வருசம் பதினொரு பழம் பறித்தோம், மிச்சம் அணிலுக்கு.

அதில் கன்று எடுக்க ஆசைப்பட்டு, கார்த்திகை மழை தொடங்கின நேரம் பென்சில் தடிப்பில் ஆறேழு அங்குலத் தடிகள் வெட்டி, பால் காய ஒரு நாள் விட்டு, தும்புத்தூளும் மணலும் கலந்த பைகளில் நட்டேன். ஒன்பதில் எட்டு அடியிலிருந்து கறுத்து அழுகிவிட்டது. மிஞ்சின ஒன்று இலை விட்டது, இழுத்துப் பார்த்தால் வேரே இல்லை (இழுத்திருக்கக் கூடாது, தெரியும்).

மழை ஈரம்தான் காரணமா, தண்ணீர் கூடிவிட்டதா? மாசி, பங்குனியில் திரும்ப வெட்டலாமா, இல்லை மரத்திலேயே பட்டையைச் சுற்றி உரித்துக் காற்றுப் பதியம் கட்டுவதுதான் நல்லதா? நம்மூர் அத்தியில் ஒட்டினால் மணலில் வேர்ப்புழுத் தொல்லை குறையும் என்கிறார்கள், மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் யாராவது செய்து பார்த்தீர்களா?

அப்புறம், மாரியில் இலையடியில் துருப் போலப் பொடி பிடித்துக் கொட்டுகிறது. விழுந்த இலையைப் பொறுக்கி எரிக்கிறேன், வேறு என்ன செய்யலாம்?