நேரடிக் கடன் தளங்களில் கடன் கேட்போரை எடைபோட்ட அனுபவங்கள்

தொடக்கப் பதிவு: திருச்சி, கணக்காளர்

இணையத் தளம் வழியாகத் தனிநபர்களுக்குக் கடன் கொடுத்துவரும் நண்பர்கள், ஒரு விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்பதை நடந்த நிகழ்வுகளோடு எழுத வேண்டுகிறேன். ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் இத்தளங்களுக்கு வகுத்த விதிகளின்படி இங்கே கொடுக்கப்படுவது அடமானமில்லாத கடன். அதிகபட்சம் 36 மாதத் தவணை. ஒருவர் ஒரே கடனாளிக்கு எல்லாத் தளங்களையும் சேர்த்து 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது. நகையோ பத்திரமோ கையில் இல்லாத நிலையில், விண்ணப்பத்தைப் படிக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் நமக்குள்ள முழுப் பாதுகாப்பு.

நான் மறுத்த ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன். தந்தையின் அறுவைச் சிகிச்சைக்காக 1,00,000 ரூபாய் கேட்டிருந்தார் ஒருவர். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், 12 மாதத் தவணை. பழைய கடன்களைக் கட்டிய விதத்தை வைத்துத் தரப்படும் கடன் மதிப்பெண் நன்றாகவே இருந்தது. மாதச் சம்பளம் 38,000 ரூபாய். இந்தக் கடனுக்கு மாதம் 9,456 ரூபாய் கட்ட வேண்டும். சம்பளத்தில் கால் பங்கு என்பதால் தாங்கக்கூடியதாகவே தோன்றும். ஆனால் இருசக்கர வாகனக் கடன், கைப்பேசிக் கடன், செயலிகளில் வாங்கிய இரண்டு சிறு கடன்கள் என ஏற்கெனவே மாதம் 17,400 ரூபாய் தவணையாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்தால் 26,856 ரூபாய். மீதமுள்ள 11,144 ரூபாயில் வாடகை, மளிகை, சிகிச்சைக்குப் பிந்தைய மருந்துச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். மொத்தத் தவணை நிகர வருமானத்தில் பாதியைத் தாண்டினால் வங்கிகள் தயங்குவது வழக்கம். இங்கே அது 70 சதவீதத்தைத் தாண்டியது. அந்த மனிதர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே பணம் தேவைப்பட்டிருக்கும். தேவை எவ்வளவு உண்மையாக இருந்தாலும், திருப்பிக் கட்டும் பணம் வருமானத்திலிருந்துதான் வர வேண்டும்.

பலர் சேர்ந்து கொடுக்கும் அந்தக் கடன் பிறகு நிரம்பியதா, அதாவது கேட்ட முழுத் தொகையும் சேர்ந்ததா, முறையாகத் திரும்பியதா என்று நான் தொடர்ந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் அது என் முடிவைப் பற்றி அதிகம் சொல்லாது. நெருக்கடியிலும் கட்டி முடிப்பவர்கள் உண்டு, வசதியிருந்தும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

மறுமொழி: மதுரை, ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி அலுவலர்

கணக்காளர் நண்பர் தவணைச் சுமையிலிருந்து தொடங்கியது மிகச் சரி. நான் அதற்கு அடுத்த படியாகக் கடன் வரலாற்றைப் பற்றி எழுதுகிறேன். ஏனெனில் 300-லிருந்து 900 வரையிலான அந்த ஒற்றை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நம்மவர்கள் முடிவெடுப்பது எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது.

ஒரே வாரத்தில் என் பார்வைக்கு வந்த இரண்டு விண்ணப்பங்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவரின் மதிப்பெண் 760-ஐத் தாண்டியிருந்தது. அவருடைய கணக்குகளைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுகூட ஓராண்டை எட்டவில்லை. கடைகளில் தவணை முறையில் வாங்கிய பொருட்களுக்கான சிறு கடன்களே பெரும்பாலானவை. அதோடு, கடைசி மாதத்தில் மட்டும் ஐந்து நிறுவனங்கள் அவருடைய கடன் அறிக்கையைக் கேட்டு விசாரித்திருந்தன. விசாரணைகள் அடுத்தடுத்து வந்து புதிய கடன் எதுவும் தொடங்கப்படவில்லை என்றால், மற்றவர்கள் மறுத்திருக்கிறார்கள் என்றோ, கடன்கள் இன்னும் அறிக்கையில் ஏறவில்லை என்றோ பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. கடன் தகவல்களை 15 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது என்றாலும், அந்த இடைவெளிக்குள் மூன்று செயலிகளில் கடன் வாங்குவது இன்று யாருக்கும் கடினமன்று.

இரண்டாமவரின் மதிப்பெண் 690-ஐ ஒட்டியிருந்தது. சிறு உணவகம் நடத்துபவர். 2020-ன் இறுதியிலும் 2021-லும் அவருடைய தவணைகள் 30 நாள், 60 நாள் எனத் தாமதமாகியிருந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பு 2020 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. உணவகங்களுக்குக் கூட்டம் திரும்ப அதன் பிறகும் நெடுநாள் ஆயிற்று. அவர் அந்தக் கடனைக் குறைத்துப் பேசித் தீர்க்கவில்லை, முழுவதுமாகக் கட்டி முடித்திருந்தார். அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று இருப்பதற்கும் ‘செட்டில்டு’ என்று இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புதியவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்: முன்னது பாக்கியின்றி முடிந்த கணக்கு, பின்னது, கடன் கொடுத்தவர் ஒரு பகுதியை இழந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு முடித்த கணக்கு. நான் இரண்டாமவருக்கே கொடுத்தேன். நடுவில் ஒரு தீபாவளி மாதத்தில் ஒரு தவணை சில நாட்கள் தள்ளிப்போனதைத் தவிர, கடன் முறையாக முடிந்தது. கெட்ட காலத்தைக் கடந்து வந்தவரின் வரலாறு நமக்குச் சொல்வதை, இன்னும் எந்தச் சோதனையையும் சந்திக்காத வரலாறு சொல்வதில்லை.

மறுமொழி: கோயம்புத்தூர், ஆசிரியை

ஐயா அவர்கள் எழுதியதோடு உடன்படுகிறேன். ஆயினும், கடன் எதற்காகக் கேட்கப்படுகிறது என்ற பகுதியை நீங்கள் இருவரும் சற்று விரைவாகக் கடந்துவிட்டதாகத் தோன்றுகிறது. பல தளங்களில் ‘மருத்துவம்’, ‘தொழில்’, ‘குடும்பச் செலவு’ என்று ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதோடு அது முடிந்துவிடுவது உண்மைதான். ஆனால் கடன் கேட்பவர் தம் சொற்களில் ஒரு பத்தி எழுத இடமிருந்தால், நான் அதை இரண்டு முறை படிப்பேன்.

அமெரிக்காவில் 2006-ல் தொடங்கப்பட்ட ப்ராஸ்பர் தளத்தில் தொடக்க ஆண்டுகளில் கடன் கேட்போர் தம் புகைப்படத்தையும் கதையையும் வெளியிட, கடன் கொடுப்போர் ஏலமுறையில் வட்டியைக் குறைத்துக் கேட்டார்கள். 2006 முதல் 2008 வரை கொடுக்கப்பட்ட அந்தக் கடன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாராக்கடனாயின. பின்னர் ஆய்வாளர்கள் அத்தளத்தின் 1,20,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களின் சொற்களை ஆராய்ந்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடவுளையும் குடும்பத்தையும் அழைத்தவர்கள், மருத்துவமனையைக் குறிப்பிட்டவர்கள், நிச்சயம் கட்டுவதாக வாக்குக் கொடுத்தவர்கள், உதவி செய்யுமாறு மன்றாடியவர்கள் ஆகியோரிடையே தவறியவர்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. வட்டி விகிதம், குறைந்தபட்சத் தவணை, வரிக்குப் பின் கையில் வரும் வருமானம் என்று கணக்கைப் பேசியவர்கள் கூடுதலாகத் திருப்பிக் கட்டினார்கள்.

இதைப் படித்த சிலர், கடவுள் பெயரை எழுதியவருக்குக் கடனே கொடுப்பதில்லை என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கூட்டத்தின் விகிதத்தை எடுத்து ஒரு தனி மனிதரின் நாணயத்தின்மீது ஏற்றிவிட முடியாது. நான் எடுத்துக்கொண்டது வேறு: எழுதியிருப்பதில் கணக்கு இருக்கிறதா, அந்தக் கணக்கு சரியாக வருகிறதா?

அப்படி ஒரு விண்ணப்பம் வந்தது. இரண்டு கடன் அட்டைகளில் சேர்த்து 1,00,000 ரூபாய் நிலுவை இருப்பதாகவும், மாதம் 3.5 சதவீதம் என்ற கணக்கில் வட்டிக்கு மட்டும் 3,500 ரூபாய் போவதாகவும், 24 சதவீத வட்டியில் 24 மாதக் கடன் கிடைத்தால் மாதம் 5,300 ரூபாய்க்குள் கட்டி முழுக்கடனையும் தீர்த்துவிடலாம் என்றும் எழுதியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தவணை 5,287 ரூபாய். கூடுதலாகத் தேவைப்படும் 1,800 ரூபாய்க்கு வழியாக, அடுத்த மாதம் முடியும் வாகனத் தவணையைக் காட்டியிருந்தார். தளத்தின் அறிக்கையிலும் அந்தக் கடனுக்கு ஒரே ஒரு தவணைதான் பாக்கியிருந்தது. தன் பணத்தை ரூபாய் ரூபாயாக அறிந்த ஒருவர் அவர். எனக்கிருந்த ஒரே தயக்கம், அட்டைகளை முடித்தபின் மீண்டும் தேய்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதே. அதற்கு விண்ணப்பத்தில் விடை கிடையாது. அதனால் கொடுத்தேன், ஆனால் வழக்கமாகக் கொடுப்பதில் பாதியளவே கொடுத்தேன். கடன் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுமொழி: சென்னை, மென்பொருள் பணியாளர்

விண்ணப்பத்தைப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பே எனக்கு நெடுநாள் தரப்படவில்லை. நான் பணம் போட்ட தளம், அதன் பெயர் வேண்டாம், தன் திட்டத்தை வங்கி வைப்பு போலவே விளம்பரம் செய்தது: குறிப்பிட்ட வட்டி, எந்த நாளிலும் பணத்தை எடுத்துக்கொள்ளும் வசதி. யாருக்குக் கடன் போகிறது என்று கேட்டால், அதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற பதிலே வந்தது. தனித்தனிக் கடன் கொடுப்பவர்கள் தனித்தனிக் கடனாளியை ஒப்புக்கொண்டு, எல்லாரும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமல் எந்தக் கடனும் வழங்கப்படக் கூடாது என்பது 2017 விதிகளிலேயே இருந்தது. 2024 ஆகஸ்ட் 16 அன்று ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கி, உறுதியான வருமானம் தரும் முதலீட்டுத் திட்டமாக இதை விற்கக் கூடாது, இடையில் பணத்தை எடுக்கும் வசதியைத் தரக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. நினைத்தபோது எடுக்கலாம் என்ற என் பணம், கடனாளிகள் கட்டக் கட்டத் துளித்துளியாகத் திரும்பத் தொடங்கியது.

அதன் பிறகே கடனாளிகளின் பட்டியலைத் தரவிறக்கிப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் சில நூறு ரூபாய் வீதம் நீண்ட பட்டியல். பலருக்குத் தொழில் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. சிலருக்கு அதே தளத்திலேயே இரண்டாவது, மூன்றாவது கடன் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியை அவர்கள் கணக்குப் போட்டு ஒப்பிட்ட அந்த ஒரு விண்ணப்பத்தைப் போல எதையும் அங்கே ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. கடனாளி யார், எவ்வளவு கேட்கிறார், என்ன வட்டி, தளம் கணித்த மதிப்பெண் என்ன என்பவற்றைக் கடன் கொடுப்பவருக்குத் தெரிவிக்க வேண்டியது தளத்தின் கடமை. அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தராத தளத்தில் விண்ணப்பத்தை எடைபோடுவதைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

மறுமொழி: ஓசூர், வாடகைக் கார் ஓட்டுநர்

நான் இத்தகைய தளத்தில் கடன் வாங்கிக் கட்டி முடித்தவன். நீங்கள் எல்லாரும் மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து எழுதியிருப்பதால், மறுபக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு வருமானம் வாரா வாரம் வரும். செயலி வழியாக வருவது வங்கிக்கு வந்துவிடும். பயணிகள் கையில் கொடுக்கும் பணம் டீசலுக்கும் வீட்டுக்குமாகப் போய்விடும், கணக்கில் தெரியாது. முதல் முறை விண்ணப்பித்தபோது என் சராசரி இருப்பு குறைவு என்றும் வருமானம் ஒழுங்கற்றது என்றும் காட்டப்பட்டது. கடன் பாதிகூட நிரம்பவில்லை. அதன் பிறகு சில மாதங்கள் கையில் வரும் பணத்தையும் வங்கியில் போட்டு எடுத்தேன். என் உழைப்பும் வருமானமும் முன்பு இருந்ததுபோலத்தான் இருந்தன. அடுத்த விண்ணப்பம் நிரம்பிவிட்டது.

இன்னொன்று, தவணைத் தேதி. மாதம் 5-ஆம் தேதி என்பது சம்பளக்காரர்களுக்கு ஏற்ற நாள். எனக்குத் திங்கட்கிழமைதான் பணம் வரும். 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வந்தால் கணக்கு காலியாக இருக்கும். ஒருமுறை அப்படித்தான் கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் ஆட்டோ டெபிட், பணமில்லாமல் பவுன்ஸ் ஆகி, வங்கியும் தளமும் தனித்தனியே அபராதம் பிடித்தன. மறுநாளே கட்டிவிட்டேன். ஆனால் அந்த பவுன்ஸ் என் வங்கி அறிக்கையில் நிற்கிறது. அதைப் பார்ப்பவருக்கு நான் பணமில்லாதவனாகத் தெரிவேன். பவுன்ஸைப் பார்த்தால் அதற்கடுத்த இரண்டு நாள் வரவையும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: திருச்சி, கணக்காளர்

ஓட்டுநர் நண்பருக்கு என் மனமார்ந்த நன்றி. மாதச் சராசரி இருப்பைப் பார்க்கும் வழக்கம் வாரக் கூலிக்காரர்களையும் கடை நடத்துபவர்களையும் வெளியே தள்ளிவிடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தகையவர்களுக்கு மொத்த வரவையும், வரவு வரும் இடைவெளியையும் பார்ப்பதே பொருத்தம். இடைவெளி சீராக இருந்தால் அது சம்பளத்துக்குக் குறைந்ததன்று.

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் சிலர் தவறுவார்கள் என்பதால் புதியவர்களுக்காக ஒரு கணக்கை இங்கே வைக்கிறேன். 24 சதவீதம் என்றால் 1,000 ரூபாய்க்கு ஆண்டு முடிவில் 240 ரூபாய் கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். தவணையோடு அசலும் மாதா மாதம் திரும்பிவிடுவதால், 12 மாதக் கடனில் கிடைக்கும் மொத்த வட்டி ஏறத்தாழ 135 ரூபாய்தான். நூறு பேருக்குத் தலா 1,000 ரூபாய் கொடுத்து, அவர்களில் 12 பேர் ஒரு தவணைகூடக் கட்டாமல் நின்றுவிட்டால், மற்ற 88 பேர் தரும் வட்டி முழுவதும் அந்த இழப்பை ஈடுகட்டுவதற்கே போதாது. தளத்தின் கட்டணமும் வட்டிக்கான வருமான வரியும் இதற்குமேல். 30, 36 சதவீத வட்டிக்கு ஒப்புக்கொள்ளும் விண்ணப்பங்களைக் கண்டு மகிழ்பவர்கள், விண்ணப்பித்தவரால் ஏன் வேறெங்கும் குறைந்த வட்டிக்கு வாங்க முடியவில்லை என்பதற்கு விண்ணப்பத்திலேயே விடை தேட வேண்டும். விடை கிடைக்காவிட்டால் நான் கொடுப்பதில்லை.

மதுரை ஐயா அவர்களிடம் ஒரு கேள்வி. கடன் வரலாறே தொடங்காத, மதிப்பெண் இல்லாத விண்ணப்பதாரர்களைக் கூட்டுறவு வங்கியில் நீங்கள் எதை வைத்து எடைபோட்டீர்கள்? அங்கே ஊரும் ஆளும் தெரிந்திருக்கும். இங்கே அது இல்லாதபோது எதை அதற்கு ஈடாகக் கொள்ளலாம் என்பதை விரிவாக எழுதினால் பலருக்குப் பயன்படும்.