நூனை எங்கே சேர்ப்பது, எங்கே விடுவது: நமக்கு நடந்தவை

மேலப்பாளையத்திலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். குர்ஆன் ஓதும்போது நூனை (அரபியின் 'ன்' எழுத்து) அடுத்த எழுத்துக்குள் சேர்த்து ஓதுவதுதான் இத்காம். எனக்கு அது பிடிபட்டது ஒரு பீடித் தட்டுக்கு முன்னால்.

எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த மாமி, மடியில் தட்டை வைத்து இலை வெட்டிக்கொண்டேதான் பாடம் கேட்பார்கள். எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். காது மட்டும் எங்கள் பக்கம் இருக்கும். பிசகினால் கத்தரியால் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு. ஆயத்தை (வசனத்தை) முதலிலிருந்து ஓத வேண்டும்.

ஸில்ஸால் சூராவில் (அத்தியாயத்தில்) "ஃபமன் யஃமல்" என்று பிரித்து ஓதினேன். தட்டு விழுந்தது. "ஏளா, நூனை அங்கேயே போட்டுட்டு வந்துட்டியே, யாவுக்குள்ள கொண்டு வா." "ஃபமய்யஃமல்" என்றேன். மறுபடியும் தட்டு. "மூக்கு எங்க போச்சு?" விரலை மடக்கி, விரித்துக் காட்டினார்கள். அந்த இரண்டு அசைவு நேரம் சத்தம் மூக்கில் நிற்க வேண்டும். பிறகு என் மூக்கை அவர்களே பிடித்தார்கள். விரலெல்லாம் புகையிலை வாசம். சத்தம் அடைபட்டது. "இப்ப வருது. இதுதான் குன்னா."

அப்புறம் இக்லாஸ் சூராவின் "யகுன் லஹூ"வை "யகுல்லஹூ" என்று ஓதச் சொல்லி, திரும்பவும் மூக்கைப் பிடித்தார்கள். இந்தத் தடவை சத்தம் அடைபடவே இல்லை! லாமிலும் ராவிலும் குன்னா கிடையாது. யா, நூன், மீம், வாவ் நான்கிலும் உண்டு. நூன் போய்ச் சேரும் இந்த ஆறு எழுத்தையும் சேர்த்துத்தான் யர்மலூன் என்கிறோம். பத்து நாள் பாடம் அன்று ஒரு மூக்குப்பிடியில் முடிந்தது.

முதலில் சொன்ன அந்த ஸில்ஸால் ஆயத்தில் "தர்ரதின் கைரன்" என்ற இடத்தில் தன்வீனின் நூன் (சொல் முடிவில் எழுதாமலே ஒலிக்கும் நூன்) தெளிவாக நிற்கும். அடுத்து வரும் கா தொண்டை எழுத்து, அதனால்தான். அடுத்த அடியிலேயே "கைரய்யரஹ்" என்று கலந்துவிடும். அடுத்த ஆயத்தில் கைர் இருந்த இடத்துக்கு ஷர் வந்ததும் அந்த நூன் ஒளிந்துகொள்ளும், அது இக்ஃபா. இரண்டே சின்ன ஆயத்தில் மூன்று சட்டம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் வேறெங்கும் தேட வேண்டாம் என்பேன்.

அந்த உற்சாகத்தில் மறுவாரம் அஃலா சூராவில் "துன்யா"வை "துய்யா" என்று ஓதிவிட்டேன். மாமி கத்தரியையே கீழே வைத்துவிட்டார்கள். ஒரே சொல்லுக்குள் நூனை அடுத்து யாவோ வாவோ வந்தால் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் சொல்லின் வேர் எதுவென்று தெரியாமல் போகும். துன்யா, புன்யான், கின்வான், ஸின்வான் என்று குர்ஆனில் இப்படி நான்கே சொல்தான். அன்று மனப்பாடம் ஆனது, இன்றும் மறக்கவில்லை.

ஏர்வாடியிலிருந்து

நான் தமிழாசிரியர். பொன்னும் குடமும் சேர்ந்தால் நாம் "பொற்குடம்" என்றே எழுதிவிடுவோம். குர்ஆனில் நூன் எழுதியபடியே நிற்கும், நாக்குதான் மாற வேண்டும். எனக்குச் சிக்கல் வந்தது அங்கேதான்.

மச்சான் ஹஜ்ஜுக்குப் போய் மதீனா அச்சுக் குர்ஆன் ஒன்று கொண்டுவந்தார். நம் நாட்டு அச்சில் பகரா சூராவின் "மன் யகூலு" என்ற இடத்தில் நூன் மேல் ஸுகூனும் (நம் புள்ளி போன்ற குறி) யா மேல் ஷத்தும் (எழுத்தை இரட்டிக்கும் குறி) இருக்கும். மதீனா அச்சிலோ நூன் மொட்டையாக இருந்தது, யா மேலும் ஷத்து இல்லை. நான் பிரித்தே ஓதிக்கொண்டிருந்தேன், ஒரு ரமலான் முழுக்க.

பள்ளிவாசல் இமாம் பக்கத்தில் உட்கார்ந்து, "மின் ரப்பிஹிம்" இருந்த இடத்தில் விரல் வைத்தார். அங்கே ரா மேல் ஷத்து உண்டு. ராவில் நூன் முழுசாகக் கரைந்துவிடுகிறது, அதனால் ஷத்து. யாவில் குன்னா மிச்சம் இருப்பதால் நூன் முழுசாகப் போகவில்லை, அதனால் ஷத்து போடவில்லை. மொட்டை நூனே "இங்கே அப்படியே ஓதாதே" என்பதற்கு அடையாளமாம். இவ்வளவு நுணுக்கமாக அச்சடித்திருப்பதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

கடையநல்லூரிலிருந்து

அத்தா மௌத்தாவதற்கு மூன்று நாள் முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து தபாரக ஜுஸ்வு (குர்ஆனின் 29ஆம் பாகம்) ஓதிக்கொண்டிருந்தேன். பேச்சு நின்றுபோயிருந்தது. கியாமா சூராவில், உயிர் தொண்டைக்குழிக்கு வரும் ஆயத்துக்கு அடுத்ததில், "வகீல மர்ராக்" என்று வேகத்தில் சேர்த்து ஓதிவிட்டேன். யர்மலூன் சட்டப்படி பார்த்தால் சரிதான்.

அத்தா போர்வைக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார்கள்.

அப்போதுதான் மேலே சின்னதாக "ஸக்தா" என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். நாம் ஓதும் ஹஃப்ஸ் முறையில் அங்கே மூச்சு விடாமல் கொஞ்சம் நிறுத்தி, "மன்", "ராக்" என்று இரண்டு சொல்லாகவே ஓத வேண்டும். "மந்திரித்துக் குணமாக்குபவர் யார்?" என்ற கேள்வி அது, சேர்த்தால் ஒரே சொல்லாகக் கேட்டுவிடும்.

நிறுத்தி ஓதினேன். விரலைக் கீழே வைத்தார்கள்.