சோயா விதையின் 11எஸ் குளோபுலின்: ஒரு பட்டை இரண்டாகப் பிரிவது ஏன்?

கேள்வி

வணக்கம். சோயா மாவிலிருந்து உப்புக் கரைசலில் பிரித்தெடுத்த குளோபுலின்களை (உப்புநீரில் கரையும் சேமிப்புப் புரதங்களை) எஸ்.டி.எஸ். ஜெல்லில் (புரதங்களை அளவுப்படி பட்டைகளாகப் பிரிக்கும் கூழில்) ஓட்டிப் பார்த்தேன். மெர்காப்டோஎத்தனால் (கந்தகப் பிணைப்புகளை முறிக்கும் வேதிப்பொருள்) சேர்க்காத வரிசையில் 60 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே தடித்த பட்டை ஒன்று இருந்தது; சேர்த்த வரிசையில் அது மறைந்து, 40-க்கும் 20-க்கும் அருகே இரண்டு பட்டைகள் தோன்றின. அருகிலேயே உள்ள வேறு மூன்று பட்டைகளோ இடம் மாறவே இல்லை. அந்த இரண்டு சங்கிலிகளும் தனித்தனி மரபணுக்களிலிருந்து உருவாகிப் பிறகு இணைகின்றனவா? அப்படியானால் அவை எப்போதும் இணை இணையாகவே கிடைப்பது எப்படி?

மறுமொழி 1

மரபணு ஒன்றுதான். நீங்கள் பார்த்தது கிளைசினின் என்னும் 11எஸ் புரதம் (இந்த ‘எஸ்’ எண், வேகமாகச் சுழற்றும்போது புரதம் படியும் வேகத்தைக் குறிக்கும்). அது எண்டோபிளாச வலையின் (செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலையின்) மேலுள்ள ரைபோசோம்களில் ஒரே நீண்ட சங்கிலியாக உருவாகி, வலைக்குள் நுழையும்போதே வழிகாட்டும் முன்துண்டை இழந்து, அங்கேயே மடிந்து டைசல்பைடு பிணைப்பையும் (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பையும்) பெற்றுவிடுகிறது. மும்மூன்றாகச் சேர்ந்த முன்புரதம் (இன்னும் வெட்டுப்படாத புரதம்) கோல்கை உடலம் வழியாகச் சேமிப்பு வாக்குவோலை (செல்லின் சேமிப்புப் பையை) அடைந்த பின்னரே ஒரு நொதி அதை ஓரிடத்தில் வெட்டுகிறது. வெட்டிய பிறகும் அமிலச் சங்கிலியையும் காரச் சங்கிலியையும் அந்தப் பழைய பிணைப்பே பிடித்து வைத்திருப்பதால், மெர்காப்டோஎத்தனால் அதை முறிக்கும் வரை உங்களுக்கு ஒரே பட்டைதான் தெரியும்.

இடம் மாறாத மூன்றும் பீட்டா கான்கிளைசினின் என்னும் 7எஸ் புரதத்தின் துணை அலகுகளாக இருக்க வேண்டும். அவற்றை டைசல்பைடு பிணைப்பு இணைப்பதில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. புரதத்தை வெட்டும் நொதி அதே வாக்குவோலில் இருந்தும், அது முழுவதையும் செரித்துவிடாமல் ஓரிடத்தோடு நிற்பது ஏன்?

மறுமொழி 2

இந்தப் புரதத்தின் அழகே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த நொதி அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தை அடுத்து மட்டுமே வெட்டுவது. 11எஸ் முன்புரதத்தில் அது தேடிச் செல்லும் அஸ்பராஜின்–கிளைசின் இணைப்பு, இறுக்கமாக மடிந்த பகுதிகளுக்கு வெளியே, நெகிழ்ந்த வளைவு ஒன்றில் அமைந்திருக்கிறது. மற்ற அஸ்பராஜின்களில் பெரும்பாலானவை பீட்டா பீப்பாய் என்னும், பீப்பாய் போல் சுருண்ட அமைப்புக்குள்ளும் அலகுகள் ஒன்றையொன்று தொடும் முகங்களிலும் மறைந்துவிடுகின்றன.

அந்த ஒரே வெட்டு இன்னொரு வேலையையும் செய்கிறது. சோயாவின் முன்புரதப் படிக அமைப்பு 2001-லும், முதிர்ந்த புரதத்தின் அமைப்பு 2003-லும் வெளியாயின. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மும்மடி வளையத்தின் ஒரு முகத்தில் துருத்திக்கொண்டிருந்த நெகிழ்ந்த பகுதி வெட்டுக்குப் பின் ஓரமாக ஒதுங்குவதும், இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் பொருந்தி ஏறத்தாழ 360 கிலோடால்டன் எடையுள்ள அறுமடித் தொகுதி உருவாவதும் தெளிவாகும். அப்படிப் பொருந்திய பிறகு நொதி நுழைய இடமே குறைவு. விதை உலரும்போது நீரும் வற்றிவிடுகிறது. முளைக்கும் காலத்தில் புதிதாக உருவாகும் பாப்பெயின் வகை நொதிகள் வாக்குவோலின் அமிலத்தன்மை கூடிய சூழலில் வெளிப்பட்ட வளைவுகளை நறுக்கத் தொடங்கிய பின்னர்தான் அந்தக் கட்டமைப்பு படிப்படியாகக் குலைகிறது.

மறுமொழி 3

மேலே சொன்ன பாதையை எல்லா விதைகளுக்கும் பொதுவாகக் கொள்ள வேண்டாம். மக்காச்சோளத்தின் சீன் போன்ற புரோலமின்கள் (ஆல்கஹாலில் கரையும் சேமிப்புப் புரதங்கள்) எண்டோபிளாச வலைக்குள்ளேயே திரண்டு புரத உடலங்களாகத் தங்கிவிடுகின்றன. நெல்லில் இரண்டு வழிகளும் ஒரே செல்லில் உள்ளன: புரோலமின் வலையிலேயே நிற்க, 11எஸ் குளோபுலினுக்கு உறவான குளூட்டலின் வாக்குவோலுக்குச் செல்கிறது.

வெட்டுப்படாத முன்புரதத்தை நேரில் காண விரும்பினால் முதிராத வித்திலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வழக்கமான சாயத்தில் அது எளிதில் தெரியாது. ஓரிரு மணி நேரத்திலேயே முன்புரதம் வாக்குவோலை அடைந்து வெட்டுப்பட்டுவிடும். கதிரியக்க அமினோ அமிலத்தைச் சிறிது நேரம் மட்டும் கொடுத்து, உடனே பிரித்தெடுத்து, மெர்காப்டோஎத்தனால் சேர்த்து ஓட்டினால், 60-க்கு அருகே பிரியாத பட்டையைக் காண்பீர்கள்.