வீணை வகுப்புக்கு ப்ளூடூத் ஹெட்செட்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அம்மா வீட்டிலிருந்தே ஆன்லைனில் வீணை சொல்லித் தருகிறார். அவருக்காக ஒரு ப்ளூடூத் ஹெட்செட் வாங்கினோம். லேப்டாப்பில் கச்சேரி கேட்டால் அருமையாக இருக்கிறது. வகுப்பு தொடங்கி மைக் ஆன் ஆனதும் ஒலி பழைய லேண்ட்லைன் போன் மாதிரி சுருங்கிவிடுகிறது. மாணவி வாசிக்கும் கமகம் அம்மாவுக்குத் தெளிவாக விழுவதே இல்லை.

மைக்கும் சேர்ந்து ஓடும்போது ப்ளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு மாறுவதால் ஸ்டீரியோ போய்விடுகிறது. அதனால் சவுண்ட் செட்டிங்ஸில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தேன். அம்மாவுக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது, ஆனால் மாணவிகளுக்கு ஃபேன் சத்தமும் சேர்ந்தே போகிறது. தனியாக யூஎஸ்பி மைக் வாங்குவதுதான் வழியா? வீணைக்கோ வயலினுக்கோ பயன்படுத்தியவர்கள் இருந்தால் எந்த மாடல், எங்கே வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம் சார்ஜர். ஹெட்செட்டோடு வந்த, ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி-ஏ, மறுமுனை யூஎஸ்பி-சி உள்ள ஏ டு சி கேபிளில் சார்ஜ் ஏறுகிறது. போனின் சி டு சி கேபிளில் விளக்கே எரிவதில்லை. கருவி இணைந்திருப்பதைச் சி போர்ட் சார்ஜருக்குத் தெரிவிக்கும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை உள்ளே வைக்காத கருவிகளில் இப்படித்தான் ஆகும். ஏ, சி இரண்டு போர்ட்டும் உள்ள நம்பகமான சார்ஜர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்குமா? நவராத்திரிக்கு முன் எல்லாம் சரியாகிவிட்டால் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.