சிறிய கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகள்: இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம்

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:
பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு இரண்டு வாரம் இருந்தது. சின்னப் பள்ளி எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே அறையில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும், கரும்பலகையின் நடுவே ஒரு கோடு, இரண்டு பக்கத்துக்கும் நான். மறைக்கல்விக்கு, அதாவது சமயப் பாடத்துக்கு, தனி ஆள் கிடையாது, அதுவும் என் தலையில்தான்.

அன்று கோயிலில் ஒத்திகை. தட்டில் அர்ச்சிக்காத அப்பங்கள், அதாவது திருப்பலிப் பூசையில் குரு இன்னும் கிறிஸ்துவின் உடலாக ஆக்காதவை. நான் "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்ல வேண்டும். பிள்ளை வலக்கையின் மேல் இடக்கையை வைத்து நீட்டி "ஆமென்" என்று சொல்ல வேண்டும். ஒன்பதாவதாக வந்து நின்றவள் கத்தோலிக்கப் பிள்ளை அல்ல. பின்னால் உட்கார்ந்து படம் வரையச் சொல்லியிருந்தேன், எழுந்து வந்துவிட்டாள். மற்ற எட்டுப் பேரையும்விடச் சரியாகக் கையை வைத்திருந்தாள். என் கை தட்டோடு பின்னுக்குப் போனது. "உனக்கு இல்லை, கண்ணே" என்றேன். அவள் உள்ளங்கையைத் திருப்பி அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தாள். பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடியும் நீட்டினாள்.

சாவிக்கொத்து:
கொடுத்திருக்கலாம், டீச்சர். அர்ச்சிக்காதது வெறும் அப்பம்தானே.

நான் துறவற சபையைச் சேர்ந்தவள், தலைமை ஆசிரியை. ஐந்தாம் வகுப்பும் எனக்கு, மணியடிப்பதும் நான், கூரை ஒழுகினால் பாத்திரம் வைப்பதும் நான். பங்குத்தந்தைதான் தாளாளர். ஒருநாள் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். கல்வித் துறை ஆய்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பங்குத்தந்தை வாசலில் வந்து நின்றார். "சிஸ்டர், அடக்கத் திருப்பலியில் பாட ஆறு பிள்ளைகள் வேண்டும்." ஆய்வாளரின் பேனா நின்றது. மூன்று பேரைத்தான் அனுப்புவேன் என்று சொல்லி, மூன்று பேரை எழுப்பிவிட்டேன். நான் உறுதியாக நின்றதாக ஆய்வாளர் பாராட்டிவிட்டுப் போனார்.

உண்மை வேறு. அந்த மூவருக்கும் பின்னம் தலைகீழாக நின்றாலும் வராது. குரல் நன்றாக இருப்பதால் எல்லா அடக்கத்துக்கும் அவர்கள்தான் போவார்கள். கணக்கு வகுப்பில் இருந்தால்தானே வரும்! ஆய்வாளர் கேள்வி கேட்டால் விழிப்பார்கள் என்று தெரிந்தே அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். போகும்போது மூவருக்கும் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இரு பிள்ளைகளின் தந்தை:
சிஸ்டர், 'வெறும் அப்பம்' என்பது உங்களுக்குத் தெரியும். வரிசையில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு? தகுதி, தயாரிப்பு என்று இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் வந்து நிற்கிற யாருக்கும் உண்டு என்றால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? ஆசிரியை செய்தது சரி. சொன்ன விதம்தான் போதாது.

என் மூத்தவன் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, போன கதை இது. ஆன்ம சோதனைக்காகப் பாவங்களைத் தாளில் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். இரவு பையில் அந்தத் தாளைப் பார்த்தேன். தங்கையை அடித்தேன், தங்கையின் பொம்மையை உடைத்தேன் என்று நான்கு வரி. அவனுக்குத் தங்கையே இல்லை, தம்பிதான்! பக்கத்துப் பையனுடையதைப் பார்த்து எழுதியிருக்கிறான். கடைசி வரி மட்டும் வேறு பென்சிலில் இருந்தது: 'பார்த்து எழுதினேன்.' நான் சிரித்தேன், சத்தமாகவே சிரித்துவிட்டேன். அவன் விழித்துக்கொண்டிருந்தான் என்று மறுநாள் தெரிந்தது. அதற்குப் பிறகு பையைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினான்.

பின்வரிசை:
அந்தச் சிறுமியின் இடத்தில் இருந்தவன் நான், ஆனால் என் கதை நேர்மாறு. கத்தோலிக்கன் அல்ல, பரலோக மந்திரம், அருள் நிறை மரியே என்ற செபங்களை இன்றைக்கும் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

நண்பகலில் மூவேளை செப மணி அடித்தால் மைதானத்தில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மூன்று அருள் நிறை மரியே முடியும் வரை அசையக் கூடாது. அன்று ஓடிப் பிடிக்கும் ஆட்டம். என் சிநேகிதனின் கை என் சட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது மணி அடித்தது. "ஆண்டவருடைய தூதர் மரியாவுக்குத் தூதுரைத்தார்" என்று எல்லோரும் தொடங்கினார்கள். நான்தான் கத்தோலிக்கன் இல்லையே என்று சட்டென்று தோன்றியது. மெல்ல நடந்து மாமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவன் உதடு செபம் சொல்லிக்கொண்டே இருந்தது, கண் மட்டும் என்னோடு வந்தது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஒன்றில் வகுப்புக் காணிக்கை உண்டியலில் சட்டைப் பொத்தான் ஒன்று கிடந்தது. யார் போட்டது என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். பதில் இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், ஒருவன் சட்டையின் நடுவில் கை வைத்து மறைத்துக்கொண்டு நின்றான்.

என் கதை அவ்வளவுதான். ஆசிரியை அவர்களுக்குச் சில யோசனைகள் சொல்ல வேண்டும். பத்தாம் பயஸ் திருத்தந்தை 1910-இல் வெளியிட்ட ஆணைதான் புதுநன்மை வயதை ஏறத்தாழ ஏழு என்று ஆக்கியது. அதற்கு முன் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது வரை காக்க வைப்பார்கள். அந்த ஆணை பிள்ளையிடம் கேட்பது வேதசாஸ்திரம் அல்ல. நற்கருணை அப்பத்தையும் சாதாரண அப்பத்தையும் பிரித்தறியத் தெரிந்தால் போதும் என்கிறது. ஆகவே ஒத்திகையில் முதலில், "இது சாதாரண அப்பம்" என்று எல்லோருக்கும் சொல்லித் தொடங்குங்கள். இரு பிள்ளைகளின் தந்தை சொன்ன பயமும் தீரும். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் படம் வரையச் சொல்வது மகா தவறு. தட்டைப் பிடிக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருக்க வேண்டும். செப நேரத்தில் பிள்ளை என்ன செய்யலாம் என்று சேர்க்கும்போதே பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள்.

இரண்டு வகுப்பு ஓர் அறையில் இருந்தால் மறைக்கல்வியைக் காலை முதல் பாடமாக வையுங்கள். வயது வித்தியாசம் பார்க்காமல் சேர்ந்து கேட்கக்கூடியது நற்செய்திக் கதை ஒன்றுதான். கணக்கை அப்படி நடத்த முடியாது. சிஸ்டருக்கும் ஒன்று. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 806-ஆம் சட்டத்தை உங்கள் தாளாளரிடம் காட்டுங்கள். கத்தோலிக்கப் பள்ளியின் கல்வித் தரம் அந்தப் பகுதியின் மற்றப் பள்ளிகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அடக்கத்துக்குப் பெரியவர்கள் பாடட்டும்.

சாவிக்கொத்து:
ஐயா, சட்டம் எனக்குத் தெரியும். எங்கள் பங்கில் பாடத் தெரிந்த பெரியவர் அன்று பெட்டிக்குள் இருந்தார்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை:
வாத்தியார் ஐயா, தட்டைக் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு வேறு வேலை ஓடவில்லை. ஒன்றை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். அன்று ஒத்திகை முடிந்ததும் தட்டில் பத்துப் பன்னிரண்டு அப்பங்கள் மிஞ்சின. ஆசிரியைகள் நாங்கள் மூவரும் கோயில் படியில் உட்கார்ந்து, வினாத்தாள் பற்றிப் பேசிக்கொண்டே அவற்றைத் தின்று முடித்தோம்.